ஒன்றுகூட முளைக்காது

சிந்தேவாடி,
24 மே 2005

அன்புள்ள அனுசயா அக்காவுக்கு,

பன்னிரண்டு மூட்டை வெங்காயமும் இதற்குள் உன் வீட்டு வாசலில் இறங்கியிருக்கும். நீ மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து உன் கொழுந்தனார் தௌலத்ராவிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போனேன். அது தவறுதான். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் குரலையே கேட்க வேண்டாம் என்று சொன்னாய். கடிதத்துக்குக் குரல் கிடையாது என்பதால் எழுதுகிறேன். தொலைபேசி இருப்பதும் தௌலத்ராவ் வீட்டுக் கூடத்தில். நீ பேசுவதை அந்தக் குடும்பம் முழுக்க உட்கார்ந்து கேட்கும்.

விளைபொருளுக்குக் கதிர் காட்டும் எங்கள் ஆலை திறந்து ஐந்து மாதம் ஆகிறது. மந்திரி ஒருவர் வந்து நாடாவை வெட்டினார். அதன் பிறகு விவசாயிகள் யாரும் வரவில்லை. பெட்டிகள் வெறுமையாகவே சுற்றிக்கொண்டிருந்தன. மேலாளர் பராஞ்ச்பே எங்களைக் கூப்பிட்டு, "உங்க சொந்தக்காரங்க யாருமே வெங்காயம் போடறதில்லையா?" என்று கேட்டார். தாலுகா முழுக்கப் பேர் பெற்ற அக்கா எனக்கு ஒருத்திதான்.

நடந்தது இவ்வளவே. மூட்டைகள் பெட்டியில் ஏறி, ஆறடித் தடிமன் சுவருக்கு அப்பால் போய், கோபால்ட் கம்பிகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தன. சூடு கிடையாது, வாசனை கிடையாது, மருந்து கிடையாது. காயின் நடுவில் இருக்கும் குருத்து மட்டும் தூங்கிவிடும். மழைக்காலம் முழுக்க வெங்காயம் சேமிக்கும் பட்டறையில் வைத்துப் பார். ஒன்றுகூட முளைக்காது. இதற்கு ஆலை முத்திரை போட்டு உத்தரவாதம் தருகிறது.

உன் தம்பி,
சுதாம்
(செயல்முறை உதவியாளர், இரண்டாம் நிலை)

*

பிம்பள்கோண்டி,
9 ஜூன் 2005

சுதாம்,

மூட்டைகள் வந்தன. கையெழுத்துக்குக் கீழே பதவியைப் போட்டிருக்கிறாய். அக்காவுக்கு எழுதும்போது அது இல்லாவிட்டாலும் அடையாளம் தெரியும்.

நீ அனுப்பியதைப் பட்டறையின் கிழக்குக் கோடியில் தனியாகக் கொட்டியிருக்கிறேன். நடுவில் மூங்கில் தட்டி. தட்டியை நான் கேட்கவில்லை, ஊர் கேட்டது. எதிர்வீட்டுப் பாருபாய் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "அனுசயா, எம் மருமவ முழுகாம இருக்கா. உம் வெங்காயத்தோட காத்து எங்க பக்கம் வராம பாத்துக்க" என்றாள். "காத்துக்கு நான் எங்க போயி சொல்லுவேன்? உன் வீட்ட வேணா நகத்திக்க" என்றேன். மூன்று நாளாகப் பேசவில்லை. இந்த ஒரு நன்மைக்கு உன் ஆலைக்கு நன்றி.

தௌலத் தினமும் ஒரு தரம் வந்து நிற்கிறார். "அண்ணி, இனிமே பட்டறைக்கு விளக்கு வேண்டாம்ல? அதுங்களே வெளிச்சம் போடுமாம்ல?" நான் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பில் அக்கறை இல்லை, இடத்தைத்தான் பார்க்கிறார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டு நிலத்தை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

கதிர் என்றால் எனக்குத் தெரிந்தது சோளத்தில் வருவது. இன்னொரு கதிரை நீதான் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தாய். "அத்தானுக்குத் தொண்டையில கரண்டு வெச்சா சரியாயிடும்" என்று நாசிக்குக்குக் கூட்டிப் போனாய். முப்பது நாள் வைத்தார்கள். அவர் எச்சில் வற்றி, ருசி போய், கடைசியில் போயும்விட்டார். இப்போது வெங்காயத்துக்கு வந்திருக்கிறாய்.

அனுசயா

*

சிந்தேவாடி,
20 ஆகஸ்ட் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

டாக்டர் அத்தானுக்கு நான்கு மாதம் என்று சொன்னார். அவர் இருந்தது இரண்டு வருஷம் ஒரு மாதம். மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினார். அந்த இரண்டு வருஷத்தை உனக்குக் கொடுத்தது எது? அவர் போனதை மட்டும் என் பேரில் எழுதிவைத்திருக்கிறாய். இதற்கு மேல் எழுதினால் இதையும் கிழித்துவிடுவேன்.

ஊர் பயப்படுகிறது என்றாய். ஊரிடம் நீ சொல்லலாம். சுகாதார நிலையத்தில் பாருபாயின் மருமகளுக்குக் குத்தும் ஊசி, உறையைப் பிரிக்கும் முன்பே எங்களுடையதைப் போன்ற ஆலையில் கதிர் பட்டுச் சுத்தமாகி வந்ததாக இருக்கலாம். தௌலத்ராவின் டிராக்டர் டயரின் ரப்பரும் அப்படி உறுதியாகியிருக்கலாம். எரிவாயுக் குழாயில் பற்றவைத்த இடம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று கதிர் வைத்துத்தான் படம் பிடிக்கிறார்கள். அணையில் தண்ணீர் எங்கே கசிகிறது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நல்லது செய்கிற எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் வாயிலில் மட்டும் இருக்கிறது, அதில் மண்டையோடு வரைந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் ஊரில் விதைக்கிறார்களே பெரிய பருப்புக் கடலை, அது எங்கிருந்து வந்தது? விதைக்குக் கதிர் காட்டி, அதில் தேறியதைப் பொறுக்கிப் பொறுக்கி விஞ்ஞானிகள் உண்டாக்கிய ரகம் அது. விதைக்கே நல்லது செய்கிற சமாசாரம் அக்கா இது.

இந்த வருஷ மழையில் நம் பக்கம் எல்லாப் பட்டறையும் அழுகுவதாகக் கேள்விப்பட்டேன். தட்டிக்குக் கிழக்கே எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

சுதாம்

*

பிம்பள்கோண்டி,
15 அக்டோபர் 2005

அன்புள்ள சுதாமுக்கு,

ஒரு வரி கேட்டாய். கொஞ்சம் நீளும்.

தட்டிக்கு மேற்கே பாதி அழுகிவிட்டது, மீதி பச்சை வால் விட்டு நிற்கிறது. கிழக்கே போய்க் கையை விட்டு அளைந்தேன். மே மாதம் கொட்டியபோது இருந்த அதே கல் மாதிரிக் காய். தோல் சலசலக்கிறது. நானும் இருபத்தைந்து வருஷமாக வெங்காயம் பார்க்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. நீ சொன்னது சரி. இதை எழுதுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பாருபாய் வந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு கிலோ குடேன், வீட்டுக்குத்தான்." மூக்கைப் பொத்தவில்லை. மருமகளுக்குப் பெண் குழந்தை, நன்றாக அழுகிறது.

அத்தான் விஷயமும் யோசித்தேன். பந்தியில் அவர் பரிமாறினதை நான் மறந்தே போயிருந்தேன்.

இப்போது சேதி. தசராவன்று பெரியவர்கள் கூடினார்கள். தௌலத் எல்லார் முன்னாலும் சொன்னார். "அண்ணிக்கு வயசாவுது. ஒத்தப் பொம்பள எத்தன நாள் மண்ணோட மல்லுக்கட்டுவாங்க? நான் உழுது, சாப்பாட்டுக்குக் குடுத்துடறேன்." பெரியவர்கள் தலையாட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "என் வெத ஒரு போகம் பொய்க்கட்டும், அன்னைக்கு நானே உங்க ஏர எம் நெலத்துல கொண்டாந்து விடுறேன்" என்று சொல்லிவிட்டேன். சரி, அப்படியே ஆகட்டும் என்று எழுந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வீடு என்னிடம் விதை வாங்குகிறவர்கள். அவர்கள் யாரும் பொய்த்ததாகச் சொன்னதில்லை.

விதைக்குக் காய் எடுக்கும் விதம் உனக்கு மறந்திருக்காது, அம்மா செய்தது. மழையைத் தாண்டிப் பட்டறையில் அழுகாமல், வால் விடாமல், கடைசிவரை எது கெட்டியாக நிற்கிறதோ அதுதான் விதைக்காய். அதன் பிள்ளைகளும் அப்படியே நிற்கும். இந்த வருஷம் பொறுக்க வேண்டிய வேலையே இல்லை. நின்றது முழுக்க உன்னுடையது. கடலை விதைக்கு நல்லது செய்ததாக நீயே எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். மேற்குப் பக்கம் தேறியதைச் சந்தைக்கு அனுப்பியாயிற்று. தீபாவளி முடிந்ததும் காய்த் தலையைச் சீவி நடவு.

தீபாவளியோடு பாவுபீஜுக்கும் வா, தம்பிக்கு ஆரத்தி எடுக்க வேண்டும். இரண்டு வருஷமாக அன்றைக்கு ஆரத்தித் தட்டைச் சந்திரனுக்குக் காட்டிவிட்டுப் படுத்தேன். தம்பி இல்லாதவர்கள் அப்படிச் செய்வார்கள். எனக்கு இருக்கிறாய்.

அக்கா

*

சிந்தேவாடி,
8 நவம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த கரஞ்சிப் பலகாரத்தை ஆலையில் எல்லாருக்கும் கொடுத்தேன். பராஞ்ச்பே சார் மூன்று எடுத்துக்கொண்டார்.

உன் கையால் பொட்டு வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஆயிற்று. ஆரத்தி காட்டும்போது நீ ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினாய். நான் பார்க்காதது மாதிரி இருந்தேன். நீயும் என்னிடம் எதையாவது பார்த்திருந்தால் பார்க்காதது மாதிரிதான் இருந்திருப்பாய்.

அன்று பட்டறைப் பக்கம் போனபோது உன்னிடம் ஒன்று பேச நினைத்தேன். தௌலத்ராவின் பிள்ளைகள் பட்டாசு விட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சாப்பாடு. பிறகு பஸ் வந்துவிட்டது.

விதை நடவு விஷயமாக ஒரு யோசனை. இது யோசனை மட்டும்தான். ஆலையில் பதனிட்ட காயை மட்டும் நடாமல், வேறு யாரிடமாவது வால் விட்ட சாதாரணக் காய் கொஞ்சம் வாங்கி, பாதிக்குப் பாதி கலந்து நடலாமே? பாதிக்கு மேல் அதுவாகவே இருந்தாலும் தப்பில்லை. முழுக்க அதுவாகவே இருந்தால்கூடப் பரவாயில்லை. பதனிட்ட காயின் முளைப்பு குறித்த கையேட்டுக் குறிப்புகள் சேமிப்பை மட்டுமே கருத்தில் கொண்டவை. நடவு பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை.

இன்னும் நட்டிருக்காவிட்டால் அவசரப்படாதே. இரண்டு வாரம் பொறுத்து நட்டாலும் ஒன்றும் ஆகாது.

உன்
சுதாம்

*

பிம்பள்கோண்டி,
17 டிசம்பர் 2005

சுதாம்,

உன் கடிதம் வந்தது நடவு முடிந்து ஒரு வாரம் கழித்து. ஐந்தாம் தேதியே ஆள் விட்டு நட்டுவிட்டேன். யோசனை என்று எழுதியிருந்ததால் யோசனையாகவே எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் பச்சை காட்ட வேண்டும். காட்டவில்லை. குளிர் என்று நினைத்தேன். இருபதாம் நாள் தண்ணீர் குறைவு என்று நினைத்துக் கூடுதலாகப் பாய்ச்சினேன். முப்பதாம் நாள் விவசாய அதிகாரி வந்து வரப்பிலேயே நின்று, "குளிருதான்" என்று எழுதிக்கொண்டு போனார். நாற்பதாம் நாள் ஒரு வரிசை முழுக்கத் தோண்டினேன்.

நட்டபடியே இருந்தன. சீவின தலை காய்ந்திருந்தது, அடியில் நாலு மயிர் வேர். ஒன்றை இரண்டாக அரிந்தேன். வெளியே எல்லாம் வெள்ளையாக, சாறு கண்ணில் அடிக்கிற காய். நடுவில் குருத்து இருக்க வேண்டிய இடத்தில் தீக்குச்சித் தலை மாதிரி ஒரு கறுப்பு. இன்னொன்று அரிந்தேன். முப்பது அரிந்தேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கறுப்பு. அவ்வளவு அரிந்தால் கண்ணில் தண்ணீர் வரும், அதனால் பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பாருபாய் மட்டும் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னடி இது, கெடவும் மாட்டேங்குது, பொழைக்கவும் மாட்டேங்குது?" அவளுக்கு இருந்தாற்போல இருந்து சரியான வார்த்தை வந்துவிடும்.

இனி வேறு காய் தேடி நட நாள் இல்லை. பனி இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. "சரி, கடையில பாக்கெட்டு வாங்கிக்கறோம்" என்றார்கள். தௌலத் தினமும் வரப்புக்கு வருகிறார். இப்போது கேலி பேசுவதில்லை. அதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாவுபீஜன்று பட்டறையில் தலை சீவின காய்களைக் கூடை கூடையாகப் பார்த்தாய். "எப்ப நடவு?" என்று கேட்டாய். "நாளன்னைக்கு" என்றேன். இது முளைக்காது என்று அப்போது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

நீள எழுதாதே.

அனுசயா

*

சிந்தேவாடி,
24 டிசம்பர் 2005

அக்கா,

தெரியும்.

நீள எழுதாதே என்றாய். ஆனால் இந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் நான் தப்பித்த மாதிரி ஆகிவிடும்.

உன் அக்டோபர் கடிதம் வந்த அன்றே தெரியும். குருத்தைத் தூங்கவைப்பது என்று உனக்கு எழுதினேனே, அது நாங்கள் விளம்பரத் தாளில் போடுவது. உள்ளே நாங்கள் சொல்லும் வார்த்தை வேறு. குருத்து செத்துவிடும். தின்கிறவருக்கு அதனால் ஒன்றும் இல்லை, விற்கிறவருக்கு லாபம். நடுகிறவர்கள் இருப்பார்கள் என்று எங்கள் ஆலையில் யாருக்கும் தோன்றவில்லை. விதைக்காயை எப்படிப் பொறுக்குவார்கள் என்று அறிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். எனக்கே தோன்றவில்லை. கடலைக்குக் காட்டுவது வேறு அளவு, அதற்கு வேறு நோக்கம், அதில் செத்தது போகப் பிழைத்ததைப் பொறுக்குகிறார்கள். அதையும் நான் எழுதவில்லை. வாக்குவாதத்தில் ஜெயிக்க வேண்டியிருந்தது.

"நீ சொன்னது சரி" என்று என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எழுதியிருந்தாய். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பக்கம் மார்பில்தான் கதிர் அளக்கும் வில்லையையும் குத்திக்கொள்வோம். தபாலில் எழுதாமல் நேரில் சொல்லிவிடலாம் என்று வந்தேன். நீ தட்டோடு நின்றாய். அந்தத் தட்டை மறுபடி இறக்கிவைத்துவிடுவாயோ என்று பயம். வேறு காரணம் இல்லை. பட்டாசு, சாப்பாடு, பஸ் எல்லாம் நான் எழுதிய பொய்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பெரியவர்கள் முன்னால் நின்று சொல்கிறேன். விதை பொய்க்கவில்லை, நான்தான் கொன்றேன் என்று.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வைக்கக் கூடாது என்று தெரிந்தே வைக்கிறேன். நேற்று பராஞ்ச்பே சார் கூப்பிட்டார். "உங்க அக்கா வெங்காயம்தானே ஏழு மாசம் நின்னுது? ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க, சுவரொட்டி அடிக்கணும். தலப்பாக் கட்டின போட்டோ ஒண்ணும்." "அக்கா பொம்பள சார்" என்றேன். "அப்ப முக்காடு போட்ட போட்டோ" என்றார். நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அதத்தான் நாங்களும் சொல்றோம், முளைக்காதுன்னு" என்றார். என் ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. படிவம் வந்தால் நீட்டிப்பு.

நீ கிழித்துப் போட்டாலும் சரி.

சுதாம்

*

பிம்பள்கோண்டி,
6 ஜனவரி 2006

சுதாம்,

ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாய், சொன்னாய். நீ பேசின அரைமணி நேரமும் பெரியவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கோபால்ட் என்று நீ சொன்னபோது ஒருவர் தூங்கிவிட்டார். கடைசியில் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. "தம்பி செஞ்சது தம்பியோட. வாக்கு குடுத்தது யாரு?" நான்தான் கொடுத்தேன். நீ பஸ் ஏறின பிறகு தௌலத்திடம் போய் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணி, வேத்து மனுஷியா நெனைக்காதீங்க. எப்ப வேணா வந்து வேல செய்யுங்க. மத்தவங்களுக்கு என்ன கூலியோ அதேதான் உங்களுக்கும்." நேற்று கரும்புக்கு உழுதார். ஏரில் உன் வெங்காயங்கள் புரண்டு புரண்டு வந்தன. அழுக ஆரம்பித்தது போக மீதியைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பாருபாய் பஜ்ஜி போட்டு ஒரு தட்டு கொண்டுவந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

நீ தட்டைப் பார்த்துப் பயந்ததாக எழுதியிருந்தாய். நான் இறக்கிவைத்திருப்பேன், உண்மைதான். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்திருப்பேன். நடவு செய்ததை எடுக்க முடியாது. இந்தக் கணக்கு உனக்கு ஏன் வரவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படிவத்தைக் கிழிக்கவில்லை. உனக்கும் வேலை போனால் இரண்டு பேரும் தௌலத்தின் கரும்பில் நிற்க வேண்டியிருக்கும். கேட்ட இடங்களை நிரப்பியிருக்கிறேன். பொய் எதுவும் எழுதவில்லை, உன் சாருக்குப் பிடிக்காததை அவரே வெட்டிக்கொள்ளட்டும்:

"பிம்பள்கோண்டியிலிருந்து அனுசயா ரங்கநாத் எழுதியது. உங்கள் ஆலையில் பதனிட்ட பன்னிரண்டு மூட்டை வெங்காயத்தை இந்த மழைக்காலம் முழுக்கப் பட்டறையில் வைத்திருந்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அதன் பிறகு அதையே மண்ணில் நட்டு, நாற்பது நாள் தண்ணீர் விட்டேன். அப்போதும் ஒன்றுகூட முளைக்கவில்லை. என் கணவருக்கு இதே கதிர் இரண்டு வருஷம் கொடுத்தது. அதுவும் உண்மை."

போட்டோ வைத்திருக்கிறேன். ரேஷன் அட்டைக்கு எடுத்தது, முக்காடு இருக்கிறது.

பெயருக்குக் கீழே 'விவசாயி' என்று நீங்களே அச்சடித்து அனுப்பியிருந்தீர்கள். அதை மட்டும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பதவியெல்லாம் எழுதிப் பழகினவன் நீ, உங்கள் ஆபீஸில் கேட்டு நிரப்பிக்கொள்.

அனுசயா